பத்திரிகையாளர் அபேட்சகராகலாமா?

பிறர் குறைகளை எடுத்துரைத்தல் எளிது. அவற்றைக் களையும் பொறுப்பைத் தானே ஏற்றல் அரிது. பத்திரிகையில் எழுதுவோரைக் குறித்துப் பொதுமக்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் குறை இதுவேயாம். ஆயின் அவர்களுள் ஒருவர் எழுதுகோலை வைத்துவிட்டு, வாக்குக் கேட்டு வாயிலில் வந்து நிற்பாராயின், "இவருக்கும் பதவியாசை வந்துவிட்டதே!" என்று அம்மக்களே முகஞ்சுளிக்கின்றனர். இவ்விரண்டும் ஒருங்கே நியாயமாதல் எங்ஙனம்?

சென்னைக்கு இவ்வழக்கம் புதிதன்று. தியாகராய நகருக்குத் தம் பெயரளித்த பிட்டி தியாகராயர் முதலியோர் தோற்றுவித்த கட்சி, அது நடத்திய 'ஜஸ்டிஸ்' என்னும் ஆங்கிலப் பத்திரிகையின் பெயராலேயே நாட்டில் வழங்கலாயிற்று. 'செங்கோல்' ஆசிரியர் ம. பொ. சிவஞானம் 1967-ஆம் ஆண்டில் அத்தியாகராய நகரினின்றே சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். 'துக்ளக்' ஆசிரியர் சோ ராமசாமியோ, 1999-இல் நியமனத்தால் மாநிலங்களவை உறுப்பினரானார்.

இவர்களினும் நம் ஆராய்ச்சிக்கு உகந்தவர் ஞாநி. சங்கரன் என்னும் இயற்பெயருடைய இவர் 1954-இல் பிறந்து 2018-இல் மறைந்தார். 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நிருபர், 'தீம்தரிகிட' ஆசிரியர், 'பரீக்ஷா' நாடகக் குழுவை நிறுவியவர் எனப் பல துறைகளில் உழைத்தவர். 'ஓ பக்கங்கள்' என்னும் தொடர்க்கட்டுரைகளாலும் தொலைக்காட்சி விவாதங்களாலும் இவர் குரல் தமிழகமெங்கும் பரவியது. கே. கே. நகரில் தம் இல்லத்துக் கிணற்றடியில் 'கேணி' என்னும் இலக்கியக் கூட்டத்தையும் நடத்திவந்தார்.

தேர்தல் நடத்தை விதிகளுள் '49-ஓ' என்பதனை ஊரறியச் செய்தவருள் இவர் முதன்மையானவர். அபேட்சகர் எவரையும் ஏற்காத வாக்காளர், அதனை அதிகாரியிடம் தெரிவித்துப் பதிவேட்டில் கையொப்பமிடலாம் என்பது அவ்விதி. அங்ஙனம் செய்வோரின் இரகசியம் அங்கேயே வெளிப்பட்டுவிடும் என்பது அதன் பெருங்குறை. 2013 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அக்குறையைக் கண்டித்து, வாக்கு இயந்திரத்திலேயே 'மேற்கண்ட எவருமிலர்' என்னும் பொத்தான் அமையவேண்டுமென ஆணையிட்டது.

அடுத்த ஆண்டே, 2014 ஏப்ரலில், ஆலந்தூர்ச் சட்டசபை இடைத்தேர்தலில் ஆம் ஆத்மி கட்சியின் அபேட்சகராக ஞாநி நின்றார். எவரையும் வேண்டாவென மறுக்கும் உரிமையை மக்களுக்குக் கற்பித்தவரின் பெயர் ஒரு பொத்தானருகே. அவரையும் மறுக்கவல்ல பொத்தான் அதே வரிசையின் இறுதியில்! தேர்தலில் அவர் தோற்றார். பின்னர் அக்கட்சியினின்றும் விலகினார்.

இதனைக் கண்டு நகைப்பாரும் உளர். யாமோ இதனைப் பெருமையென்றே கொள்வோம். பல்லாண்டு பிறரைத் தராசிலிட்டு நிறுத்தவர், தாமே அத்தட்டில் ஏறி நின்றனர். பத்திரிகையின் வாசகர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம். அதனை அச்சிடுவதும் விடுவதும் ஆசிரியர் விருப்பம். வாக்காளர் தரும் விடையையோ எவரும் குப்பைக்கூடையிலிட இயலாது. நியமனத்தால் சபை புகுவோர்க்கு இச்சோதனை இல்லை. அதனால் அவர்கள் தகுதியில்லாதவரென்பது எம் கருத்தன்று. அவர்கள் பெறாத தேர்ச்சி ஒன்று உண்டென்பதே எம் கருத்து.

நடுநிலைமை கெடுமே என்பர் சிலர். அவ்வச்சம் வீணன்று. ஆதலின் இரண்டு வரம்புகள் வேண்டும். அபேட்சகராய் நிற்குங்கால் பிற அபேட்சகரைக் குறித்துத் தீர்ப்பெழுதும் பணியை நிறுத்துதல் ஒன்று. மீண்டும் எழுதப் புகுவாராயின், தாம் இருந்த கட்சியின் பெயரை வாசகர்க்கு மறையாது உரைத்தல் மற்றொன்று. நடுநிலைமையாவது சார்பே இன்மையன்று; சார்பினை மறையாமையும், அதனை மீறி உண்மை கூறுதலுமேயாம். எக்கட்சியிலும் பெயர் பதியாமலே ஒரு பக்கம் சாய்ந்தெழுதும் கரவினும், ஊரறிய ஒரு கொடியின்கீழ் நின்று தோற்றல் நூறு மடங்கு நேரிது.

இன்று தொலைக்காட்சியில் உரத்துப் பேசுவார் பலர். மாணவ நண்பர்களே, நாளை அவருள் ஒருவர் உங்கள் தெருவில் கைகூப்பி வருவாராயின், அவர் பேச்சின் இனிமையையும் பார்க்கவேண்டா, அவரைப் பார்த்து எள்ளவும் வேண்டா. அவர் முன்னர் எழுதியவற்றை எடுத்துப் படித்து, அவர் பிறரிடம் கேட்ட கேள்விகளையே அவரிடமும் கேளுங்கள். விடை கூறத் தயங்காதவராயின், வென்றாலும் தோற்றாலும் அவர் மதிக்கத்தக்கவரே.