போலியூவும் புளியங்கொட்டையும்

திண்டிவனம் என்றால் என்ன ஞாபகம் வரும்? பஸ் டீக்கு நிற்கிற இடம். விழுப்புரம்? ஜங்ஷன். கட்டை அச்சுப் புடவை கட்டுகிற பெண்மணிகள் மட்டும் இந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போடலாம். இயற்கை நீலம் தருகிற அவுரி இந்தச் சுற்றுவட்டாரத்தில் விளைகிறது.

செடியை அறுத்துத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் ஆட்கள் இறங்கிக் காலால் உதை உதையென்று உதைக்கிறார்கள். காற்று கலந்து நுரை பொங்கி, நீலம் அடியில் தங்கும். காய்ச்சி, வடித்து, கட்டியாக வெட்டிக் காயவைப்பார்கள். (இலைப்பொடி தனி வியாபாரம். ஹேர் டை! உங்கள் மாமா தலையில்கூட இருக்கலாம்.)

கட்டை அச்சு டிசைனர் என்றால் ஏ.ஸி. ரூமில் பூ வரைகிறவர் என்று நினைக்கிறோம். வரைவதுதான் ஸார் இதில் சுலபம். நாலு கலர் பூவுக்கு நாலு கட்டை. செதுக்குவதற்குப் பேர் போன ஊர் குஜராத்தின் பேத்தாபூர். வந்த கட்டையை எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். துணிக்குக் கடுக்காய்த் தண்ணீர். கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் நாள் கணக்கில் புளிக்க வேண்டும். அதைக் கூழாக்கப் புளியங்கொட்டை மாவு. திண்டிவனம் என்றாலே புளியங்காடு என்கிறார்கள், பொருத்தம்தான்!

சிவப்புக்குப் படிகாரம். அடிக்கும்போது ஏறக்குறைய நிறமே இருக்காது. மஞ்சிஷ்டி வேரோடு கொதிக்கவிட்டால்தான் பூ சிவக்கும். அதுவரை பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற நிலைமைதான். நீலத்துக்கோ, வேண்டாத இடத்தை மெழுகால் அச்சடித்து மூடித் துணியைத் தொட்டியில் முக்க வேண்டும். எடுத்தால் பச்சை! காற்றுப் பட்டுக் கண்ணெதிரே நீலமாகும்.

இத்தனை பாடுபட்டதைக் காப்பியடிக்க எவ்வளவு நேரம்? 1734 வாக்கில் போலியூ என்ற பிரெஞ்சு அதிகாரி (பெயரைக் கவனியுங்கள்!) பக்கத்துப் புதுச்சேரியில் சீட்டித் துணி தயாராவதைக் கட்டம் கட்டமாக எழுதி, துணித்துண்டு சாம்பிளும் சேர்த்தார். அது கட்டை இல்லை, கையால் வரைந்தது. சாய வித்தை ஒன்றுதான். அது இன்றும் பாரிஸில் பத்திரம். வேடிக்கை என்னவென்றால், 1686 முதல் 1759 வரை பிரான்ஸில் இந்த மாதிரித் துணிக்கே தடை! 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை நீலத்தை விற்க ஆரம்பித்ததும் அவுரி படுத்தது. கொஞ்சமாவது பிழைத்ததே, அது அதிசயம்.

இப்போது டிஜிட்டல் பிரின்ட். டிசைனரின் ஒரு மாச உழைப்பை ஒரே நாளில் மீட்டர் மீட்டராகத் தள்ளிவிடுகிறது. பிசிறையும் சேர்த்து!

கடையில் 'ஹாண்ட் பிளாக்' என்றால் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள். புடவையை முழுக்கப் பிரியுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். கட்டையும் கட்டையும் சேருகிற இடம் ஒவ்வொன்றும் நூலளவு வேறு மாதிரி விலகியிருக்கும். சாயம் பூவுக்குப் பூ கூடக்குறைய இருக்கும். அதே விலகல், அதே அடர்த்தி ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், அது மெஷின். மடித்துக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.