பழமொழிக்கு அரங்கு தந்த அம்மையார்

மும்பையில் வாழும் அன்பர்கள் பார்சி மக்களின் அக்கினி ஆலயங்களை அறிவர். அங்கு ஓதப்பெறும் மறையின் மொழி அவெஸ்தா. அஃது இல்லங்களில் பேசப்படாது ஒழிந்து நெடுங்காலமாயிற்று. "மந்திரம் மனப்பாடம், பொருள்தான் தெரியாது" என்று எம்முடன் பணிபுரியும் பார்சி நண்பரொருவர் ஒருநாள் வருந்திக் கூறினார். அவ்வருத்தமே, ஈரான் நாட்டு நாடகாசிரியை மஹீன் தஜத்துத் அம்மையாரைப் பற்றி இம்மாதம் எழுத எம்மைத் தூண்டிற்று.

அம்மையார் பாரசீகத்தில் நாடகம் இயற்றியவர். அவெஸ்தா மொழியைக் கற்றுத் தேர்ந்தவர். 11-ஆம் நூற்றாண்டில் குர்கானி என்னும் புலவர் 'வீஸும் ராமீனும்' என்ற காதற் காவியம் பாடினார். மன்னனுக்கு மனைவியான வீஸ், அவன் தம்பி ராமீன்பால் காதல் கொண்ட கதை அது. அதனை அம்மையார் நாடகமாக்கினார். அர்பி ஒவனேசியன் இயக்கத்தில், 1970-இல் ஷீராஸ் கலைவிழாவின்போது, பெர்செபோலிஸ் என்னும் பண்டைத் தலைநகரின் இடிபாடுகளிடையே அது நடிக்கப்பெற்றது.

மறு ஆண்டு அதே விழாவுக்கு ஆங்கில நாட்டு இயக்குநர் பீட்டர் புரூக் 'ஓர்காஸ்ட்' என்னும் நாடகத்தை அமைத்தார். கவிஞர் டெட் ஹியூஸ் அதற்கெனப் புதுமொழி ஒன்றையே புனைந்தார். அதனுடன் பண்டைக் கிரேக்கமும் இலத்தீனும் அவெஸ்தாவும் ஒலித்தன. பல நாட்டு நடிகர்களுக்கும் அவெஸ்தாவைச் சொல்லிக் கொடுத்தவர் மஹீன் அம்மையாரே. வழிபாட்டில் மட்டும் வாழ்ந்த மொழி, பழைய பேரரசர்களின் கல்லறைகளுக்கு முன்னே மனிதர் வாய்ச்சொல்லாக எழுந்தது. பொருள் விளங்காதோரும் அதன் ஒலியைக் கேட்டனர்.

அக்கலைவிழா 1977-உடன் நின்றது. 1979-இல் ஈரானில் புரட்சி வந்தது. அம்மையாரின் மகள் நஹால் தஜத்துத் பிரான்சில் குடியேறிப் பிரெஞ்சு மொழியில் எழுதுபவரானார். அவர் கணவர் ழான் குளோத் கரியேரே, 1985-இல் புரூக் மேடையேற்றிய மகாபாரதத்தை நாடகமாக எழுதியவர். தாய் பாரசீகத்தில் எழுத, மகள் பிரெஞ்சில் எழுதுகின்றார். எனினும் ஈரானும், பாரசீகக் கவி ரூமியும் மகளின் நூல்களில் நீங்காது நிற்கக் காண்கிறோம்.

ஊர்விட்டு வந்து வாழும் நமக்கு இது புதிய கதையன்று. நம் பிள்ளைகளும் தேவாரத்தை ஒப்பிக்கின்றனர். பொருள் கேட்டால் விழிக்கின்றனர். பூசை அறையில் மட்டும் ஒரு மொழியை வைத்துக் காத்தல் போதாது. அதனைப் பிறர் செவியில் விழும்படி பேசவும் நடிக்கவும் வேண்டும். அறியாதார்க்கும் பொறுமையுடன் ஒவ்வொரு சொல்லாகக் கற்பித்தார் அம்மையார். நம் பிள்ளைகளுக்கு நாம் அதனைச் செய்ய என்ன தடை?