தெரியாததைத் தெரியும் என்றேன்

வீட்டுக்கு வெளியே சென்று உண்பதை நம் முன்னோர் பெருமையாகக் கருதினாரல்லர். யாத்திரை போனபோதும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டே போனார்கள். இக்காலத்திலோ குடும்பத்தோடு உணவுச்சாலைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. அதனைக் குறைகூற நான் முன்வரவில்லை. சமைக்கும் கவலையும் பாத்திரம் கழுவும் கவலையும் இன்றி, வீட்டுப் பெண்களும் எல்லோரோடும் ஒரே நேரத்தில் அமர்ந்து ஆறுதலாகப் பேசி உண்பது நல்ல காரியமே. ஆயினும், அத்தகைய ஓர் உணவு வேளையில் நான் கற்ற பாடம் ஒன்றை வாசகர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சென்ற தவணை விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்துடன் கொழும்புக்குச் சென்றிருந்தேன். மகன் அங்கே பல்கலைக்கழகத்திற் பயில்கின்றான். எழுபத்தைந்து வயதைக் கடந்த என் அன்னையாரும் பேரனைப் பார்க்கும் ஆசையால் உடன் வந்திருந்தார். ஒரு மாலை நேரம், “அப்பா, இன்றைக்குத் தாய்லாந்துச் சாப்பாடு சாப்பிடுவோம்” என்றான் மகன். காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கைக்குள் எங்களை அழைத்துச் சென்றான். ஆடம்பரம் எதுவுமில்லாத சிறிய உணவுச்சாலை. பத்துப் பன்னிரண்டு மேசைகள். மாணவர்களும் குழந்தை குட்டிகளோடு வந்தவர்களுமாக ஒரே கலகலப்பு.

ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டு கழித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? உணவு வரும்வரை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினேன். தாய்லாந்து முன்னர்ச் சியாம் எனப் பெயர் பெற்றிருந்ததையும், 1753ஆம் ஆண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனின் வேண்டுகோளின்படி அந்நாட்டுப் பிக்குமார் இங்கு வந்து உபசம்பதையை மீண்டும் நிலைநாட்டியதையும், அதனாலேயே சியாம் நிக்காயம் என்னும் பெயர் இன்றும் வழங்குவதையும் சொன்னேன். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர் என்றும், போர்த்துக்கேயர் காலத்திலேயே கீழைத் தேசங்களிற் பரவியது என்றும் விளக்கினேன். மிளகின் பெயரைக் கொண்டே நாம் மிளகாய்க்குப் பெயரிட்டோம். தாய்லாந்தாரோ மிளகாயைப் ‘பிரிக்’ என்றும், பழைய மிளகைப் ‘பிரிக் தாய்’, அதாவது ‘தாய்நாட்டுப் பிரிக்’ என்றும் வேறுபடுத்திச் சொல்கின்றனர்.

அன்னையார் இவற்றை அரைக் காதாற் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் பாங்கொக் நகரத்து அரச பிராமணர்கள் ‘திரியம்பாவாய்’ என்னும் சடங்கிலே நம் திருவெம்பாவைப் பாடல்களை, பொருள் மறந்து உச்சரிப்புத் திரிந்த நிலையிலும், வழிவழியாக ஓதி வந்திருக்கின்றார்கள் என்று நான் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப அவையும் எங்கடை ஆக்கள்தான்” என்றார். மார்கழியில் ஒருநாளும் திருவெம்பாவை தவறாதவர் அவர்.

உணவு வந்தது. ஆளுக்கொரு தட்டில் வெண்சோறும், எல்லோருக்கும் பொதுவாக நடுவிலே கறிவகைகளும் வைக்கப்பட்டன. தாய்லாந்து மொழியில் உண்பதைக் குறிக்கும் ‘கின் காவ்’ என்பதன் பொருள் சோறு தின்னுதல் என்பதே. கறிகளுக்குச் ‘சோற்றோடு சேர்வது’ என்னும் பொருள்படவே பெயர் வழங்குகிறது. கரண்டி வலக்கையில், முள்ளுக்கரண்டி இடக்கையில், சோற்றைக் கரண்டிக்குத் தள்ளுவதற்கு மாத்திரம். “நான் கையாற் சாப்பிடலாமோ, தம்பி?” என்று அன்னையார் மெதுவாகக் கேட்டார். அந்நாட்டின் வடகிழக்குப் பகுதியார் பசைச்சோற்றை இன்றும் கையால் உருட்டியே உண்கின்றனர் என்றும், தாராளமாகச் சாப்பிடலாம் என்றும் சொன்னேன். இதுவரை நான் சொன்ன யாவும் எனக்குத் தெரிந்தவை.

அடுத்து அவர் ஒரு கேள்வி கேட்டார். தேங்காய்ப்பால் விட்டுக் கத்தரிக்காய் சேர்த்த பச்சை நிறக் கறியைச் சுட்டி, “இதிலை மச்சம் ஒண்டும் இல்லையோ?” என்றார். அவர் பிறந்தநாள் தொட்டுச் சைவ உணவு கொள்பவர். உணவுப் பட்டியலில் அக்கறியின் பெயருக்கு எதிரே சிறிய இலையொன்று வரையப்பட்டிருந்தது. பரிசாரகரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவர் நாலு மேசைக்கு அப்பால் நின்றார், எனக்குப் பசி, அதுவரை பேசியதில் ஓர் உற்சாகமும் இருந்தது. “இல்லை அம்மா, முழுக்க மரக்கறிதான்” என்றேன். அவர் இரண்டாம் முறையும் வாங்கி உண்டார். “எங்கடை சொதியைப்போலை இருக்குது” என்று புகழ்ந்தார்.

உண்டு முடிந்தபின், சமையலில் நாட்டமுள்ள என் மகள் பரிசாரகரிடம் அக்கறியின் செய்முறையைக் கேட்டாள். அவ்விளைஞர் மகிழ்ச்சியோடு அடுக்கினார்: பச்சை மிளகாய், எலுமிச்சம்புல், அரத்தை, கொத்தமல்லி வேர், இவற்றோடு இறாலைப் புளிக்கவைத்து அரைத்த விழுது. உப்புக்குப் பதிலாக மீன்நீர். மகள் என் முகத்தைப் பார்த்தாள். “இலை அடையாளம் போட்டிருக்கிறதே?” என்று நான் தாழ்ந்த குரலிற் கேட்டேன். அவர் உண்மையாகவே வியப்படைந்தார். “ஐயா, இதிலே மீன் ஒரு துண்டும் இல்லையே!” என்றார்.

அவ்விளைஞரை நான் முற்றாகக் குறைசொல்லமாட்டேன். இலை அடையாளம் இட்டவர் தவறிழைத்தார் என்பது மெய்யே. ஆயினும், நெத்தலி போன்ற சிறு மீன்களை உப்பிட்டு மாதக்கணக்காக ஊறவைத்து வடிக்கும் ‘நாம் பிளா’ என்னும் மீன்நீர் தாய்லாந்துச் சமையலில் உப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனை அவர்கள் மீன் என்று நினைப்பதில்லை. நம் நாட்டிலும் இது புதிதன்று. கொழும்புக் கடையில் வாங்கும் தேங்காய்ச் சம்பலில் மாசி இடித்துச் சேர்ப்பதுண்டு. சேர்ப்பவருக்கு அது மீனாகத் தோன்றுவதில்லை, வாசனைப் பொருளாகவே தோன்றுகிறது. எந்த நாட்டிலும் நாள்தோறும் பழகிய பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலால் கேட்கவேண்டிய பொறுப்பு உண்பவனுடையது. அந்தப் பொறுப்பைத்தான் நான் தட்டிக் கழித்தேன்.

அன்னையார் கை கழுவச் சென்றிருந்தமையால் அவர் காதில் எதுவும் விழவில்லை. “அப்பா, அப்பாச்சிக்குச் சொல்லவேண்டாமோ?” என்றாள் மகள். “வயது போனவவின்ரை மனத்தை ஏன் நோகச் செய்யவேணும்?” என்றாள் மனைவி. நான் ஒன்றும் பேசவில்லை. பேசாதிருத்தல் எத்துணை எளிது என்பதை அன்றிரவு அறிந்தேன். அஃது உறக்கத்தைத் தராது என்பதையும் அறிந்தேன்.

விடியற்காலையில் அவர் நீராடித் திருநீறு தரித்துத் தேவாரம் ஓதி முடித்ததும், அருகிற் சென்று நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ வேணுமெண்டு தரேல்லை. அதுக்குக் கடவுள் கணக்குப் பார்க்கமாட்டார். ஆனால் நான் கேட்டபோது, தெரியாததைத் தெரியும் எண்டு சொன்னாய். வகுப்பிலும் பிள்ளையளுக்கு இப்படித்தானோ?”

அன்று பகல் முழுவதும் அவர் உணவு கொள்ளவில்லை. நானும் உண்ணவில்லை. அவர் அதனைக் கவனித்தார். ஆயினும் உண்ணும்படி சொல்லவில்லை.

அக்கேள்விக்கு நான் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறேன். மாணவன் வினவும்போது, “தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்” என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்? மணியடிக்கும் நேரமாயிற்றே என்று, கௌரவம் குறையுமே என்று, வாயில் வந்ததைச் சொன்ன வேளைகள் எத்தனை? நம்பிக் கேட்பவரிடத்தே செய்யும் இப்பிழை சிறிதாகத் தோன்றும். ஆனால் நம்பிக்கை பெரிதாக இருக்குமளவுக்கு அதுவும் பெரிதாகிறது. நான் திருவெம்பாவைக் கதை சொன்னதனாலன்றோ என் தாயார் அக்கறியை நம்பினார்!

சைவ உணவு கொள்ளும் வாசகர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. தாய்லாந்து உணவுச்சாலையில் “மரக்கறியா?” என்று கேட்பது போதாது. உப்புக்கு என்ன சேர்க்கிறீர்கள், அரைத்த கூட்டில் இறால் உண்டா, குழம்புக்கு எலும்பு அவித்த நீரா, சிப்பிச் சாறு சேருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டல் வேண்டும். புலால் மறுத்த உணவுக்கு அவர்கள் மொழியில் ‘மங்ஸவிரத்’ என்று பெயர். மாமிசம், விரதி என்னும் வடசொற்களை அதில் அடையாளங் காணலாம். ‘ஜே’ என்பது அதனினும் கடுமையானது. பூண்டு, வெங்காயமும் அதில் விலக்கு.

ஊர் திரும்புவதற்கு முதல்நாள் அன்னையாரே, “அந்தக் கடைக்கு இன்னொருக்காப் போவம், இந்தமுறை கேட்டுச் சாப்பிடுவம்” என்றார். கூட்டம் இல்லாத வேளை பார்த்துச் சென்றோம். சமையற்காரரே வெளியில் வந்து, கறிக்கூட்டில் இறால் முன்னரே அரைபட்டிருப்பதால் கறி வேண்டாம் என்று நேர்மையாகச் சொல்லி, சோயாச் சாறு மட்டும் விட்டுத் தனிச் சட்டியில் மரக்கறி வதக்கித் தந்தார். இறுதியில், தேங்காய்ப்பாலில் ஊறிய பசைச்சோறும் மாம்பழமும் வந்தன. நம் பாற்சோற்றுக்கு உறவு என்று பார்த்தவுடனே சொல்லலாம்.

அன்னையார் தட்டை அருகில் இழுத்தார். உண்ணவில்லை. என்னைப் பார்த்தார்.

“இதிலை உப்புப் போட்டிருக்கினமோ, மற்றதோ?”

“எனக்குத் தெரியாது அம்மா. கேட்டு வாறன்” என்று எழுந்தேன்.

உப்புத்தான் என்று அறிந்து வந்து சொன்னேன். அவர் கையாலேயே உண்டார்.