மூன்று நம்பிக்கைகளுக்கு மட்டும் ஒரு சட்டம்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 2016 ஏப்ரலில் ஆளுநர் ஃபில் பிரையன்ட் கையெழுத்திட்ட எச்பி 1523 சட்டத்தை மத சுதந்திரச் சட்டம் என்கிறார்கள். படித்துப் பார்த்தால் அது மூன்றே மூன்று நம்பிக்கைகளைத்தான் காக்கிறது. திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில்தான். உடலுறவு அந்தத் திருமணத்துக்குள்தான். ஆண், பெண் என்பது பிறக்கும்போதே உடலும் மரபணுவும் முடிவுசெய்தது, மாறாது. வட்டி வாங்குவது பாவம், போர் பாவம் என்று நம்புகிற கிறிஸ்தவருக்கு இதில் ஒரு வரிகூட இல்லை.

ஒன்றாவதும் மூன்றாவதும் யாரைக் குறிவைக்கின்றன என்று எல்லோரும் பேசினார்கள். இரண்டாவதை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. அது நம்மைப் பற்றியது. மணமாகாமல் குழந்தை பெற்றவள், துணையோடு சேர்ந்து வாழ்பவள், விவாகரத்துக்குப் பின் ஒருவனை நேசித்தவள் எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். இந்த நம்பிக்கைகளின் பெயரால் ஒரு மத நிறுவனம் அவளை வேலையைவிட்டு நீக்கலாம், வீடு தர மறுக்கலாம். கருத்தரிப்புச் சிகிச்சையில் பங்கேற்க மருத்துவர் மறுக்கலாம். அரசு தண்டிக்காது என்று சட்டமே உறுதி தருகிறது. லெஸ்பியன்களின் பிரச்சினை நமக்கெதற்கு என்று ஒதுங்கும் பெண்ணியவாதிகள் இந்தப் பிரிவை ஒருமுறை வாசிக்கட்டும்.

இந்தச் சட்டங்களின் மூதாதை இவ்வளவு அசிங்கமானது அல்ல. பூர்வகுடிகளின் சடங்கில் பெயோட்டி உட்கொண்டதால் வேலை இழந்த இருவருக்கு உச்ச நீதிமன்றம் 1990இல் கைவிரித்தது. அதற்குப் பதிலாகத்தான் 1993இல் மத சுதந்திர மீட்புச் சட்டம் வந்தது. சிறுபான்மையினரின் கேடயம் அது. 2014இல் ஹாபி லாபி என்ற பெரிய வணிக நிறுவனம் அதே கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, பெண் ஊழியர்களின் காப்பீட்டில் சில கருத்தடை முறைகளைச் சேர்க்க மாட்டேன் என்றது. 5-4 என்று வென்றது. நீதிமன்றத்திலிருந்த மூன்று பெண் நீதிபதிகளும் எதிர்ப்பக்கம். முதலாளியின் மனசாட்சி தொழிலாளியின் கர்ப்பப்பைவரை நீளலாம் என்று ஆனபிறகு, கேக் கடைக்காரரின் மனசாட்சியைப் பார்த்து வியக்க என்ன இருக்கிறது?

“வேறு கடைக்குப் போங்களேன்” என்பார்கள். தென் கரோலினாவில் பிக்கி பார்க் என்ற உணவகத்தின் முதலாளியும் கறுப்பின மக்களை உள்ளே உட்காரவைத்துப் பரிமாற மறுத்தபோது கடவுளின் சித்தம் என்றுதான் வாதிட்டார். அது வெற்று வாதம் என்று 1968இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. பக்கத்துத் தெருவில் வேறு உணவகம் இருந்ததா என்று அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இருந்தாலும் அவமானம் அவமானம்தானே.

பாதிரியாரைக் கட்டாயப்படுத்தி மணமுடித்துவைக்கச் சொல்கிறோமா? இல்லை. அந்த உரிமை அவர்களின் அரசமைப்பில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காக்கப் புதுச் சட்டம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது மற்றவர்களுக்கான அனுமதிச் சீட்டு.

நடைமுறைக்கு வரவிருந்த நேரத்தில், 2016 ஜூன் 30இல், நீதிபதி கார்ல்டன் ரீவ்ஸ் இந்தச் சட்டத்தைத் தடுத்தார். மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. சட்டம் சரியென்று சொல்லி அல்ல. வழக்குத் தொடுத்தவர்கள் தங்களுக்கு நேர்ந்த பாதிப்பைக் காட்டவில்லையாம். அதாவது, முதலில் யாராவது உன்னை வாசலில் நிறுத்தி அனுப்பட்டும், பிறகு வா. 2017 அக்டோபரில் சட்டம் அமலுக்கு வந்தது. அடுத்த ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க மறுத்துவிட்டது.