கணக்கும் வரியும் ஒரே பாடம்

1961-ம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் விடைபெற்று, 2025-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்துக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரண்டுக்கும் பதிலாக ‘வரி ஆண்டு’ ஒன்றே இருக்கும். ஜிஎஸ்டி விகிதங்களும் 2025 செப்டம்பர் 22-ல் மாறிவிட்டன. பழைய எண்களையும் விகிதங்களையும் மனப்பாடம் செய்து தேறிய பி.காம். பட்டதாரியிடம் இனி மிஞ்சியிருப்பது என்ன?

நம் கல்லூரிகளில் பொதுவாக முதலாண்டில் நிதிநிலைக் கணக்கியல் வருகிறது: குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்குகள். வருமான வரி மூன்றாமாண்டில் வருகிறது. இரண்டுக்கும் வேறு புத்தகம், வேறு தேர்வு. வரித்தாளின் வினாவில் நிகர லாபம் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருக்கும். அது எந்தப் பதிவுகளிலிருந்து வந்தது என்று மாணவர் யோசிக்கத் தேவையே எழுவதில்லை. கல்வியின் பெரிய இழப்பு இங்கேதான் நேர்கிறது.

திருப்பூர் பனியன் நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவுபெற்ற சாயப்பட்டறை ஒன்று மார்ச் 1-ல் அதற்கு 10 லட்ச ரூபாய் வேலையை முடித்துக் கொடுக்கிறது. பனியன் நிறுவனம் பணத்தை ஜூனில்தான் தருகிறது. செலவு நேர்ந்த ஆண்டிலேயே அதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது முதலாண்டுப் பாடம். ஆகவே மார்ச் 31-ல் முடியும் ஆண்டின் லாபத்தில் 10 லட்சம் குறையும். ஆனால், இத்தகைய பதிவுபெற்ற நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையேல் 15 நாளிலும் பணம் தர வேண்டும். கெடு தவறினால் பணம் கொடுத்த ஆண்டில்தான் அந்தச் செலவைக் கழிக்கலாம் என்று 2023-ம் ஆண்டின் நிதிச் சட்டம் விதித்தது. எனவே வரிக்குரிய வருமானத்தில் அந்த 10 லட்சம் மீண்டும் சேரும். முதல் விதியின் காரணம் புரிந்தவருக்குத்தான் இரண்டாவது விதி எதைத் திருத்துகிறது, யாரைக் காக்கிறது என்பது விளங்கும்.

தேய்மானமும் இப்படித்தான். கம்பெனிகள் சட்டம் இயந்திரத்தின் பயனுள்ள ஆயுளைப் பார்க்கிறது. வருமான வரியோ பொதுவான இயந்திரங்களைத் தொகுதியாகச் சேர்த்து, குறைந்துசெல் மதிப்பில் 15% கழிக்கிறது. ஒரே இயந்திரத்துக்கு இரண்டு தொகைகள். இரண்டும் அவற்றின் நோக்கத்துக்குச் சரியானவை.

பதிவு வேலையை டேலி மென்பொருள் செய்துவிடும். இது செலவா சொத்தா, இந்த ஆண்டினதா அடுத்த ஆண்டினதா என்று தீர்மானிப்பது மனிதர். வேலைக்குப் போகும் மாணவரிடம் எதிர்பார்க்கப்படுவது அந்தத் தீர்மானம்தான். கல்லூரி அதைக் கற்றுத்தராவிட்டால், முதல் தலைமுறைப் பட்டதாரி ஆடிட்டர் அலுவலகத்தில் குறைந்த சம்பளத்துக்கு உழைத்து அதைக் கற்க வேண்டியிருக்கிறது.

பாடச்சுமை ஏற்கெனவே அதிகம் என்று பேராசிரியர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால், புதிய தாள் எதுவும் தேவையில்லை. ஒரு சிறு நிறுவனத்தின் ரசீதுகளும் வங்கி அறிக்கையும் முதல் பருவத்திலேயே மாணவர் கைக்கு வரட்டும். அவற்றிலிருந்து பேரேட்டையும் இறுதிக் கணக்குகளையும் அவரே எழுதட்டும். கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டி, திரும்ப ஈடுசெய்யத் தக்கதாக இருக்கும்போது ஏன் செலவாகாது என்பதை அதே ஏட்டில் பார்க்கட்டும். மூன்றாமாண்டில் அந்த நிறுவனத்துக்கே வருமான வரி கணக்கிடட்டும். தேர்வு அறையில் சட்டப் பிரிவுகளைக் கையில் கொடுத்துவிட்டு, அவற்றை ஏன், எப்படிப் பொருத்தினீர்கள் என்று கேட்கலாம்.

சட்டம் மாறியதால் வரிப் பாடநூல்களை எப்படியும் திருத்தி எழுதியாக வேண்டும். பாடத்திட்டக் குழுக்கள் பிரிவு எண்களை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பினால், அடுத்த திருத்தத்திலேயே அந்தப் படிப்பும் காலாவதியாகும். வரிப் பாடத்தின் ஒவ்வோர் அதிகாரமும் முதலாண்டுக் கணக்கியலில் எந்தக் கொள்கையிலிருந்து கிளைக்கிறது, எங்கே விலகுகிறது என்பதைச் சொல்லித் தொடங்க வேண்டும். சட்டம் மீண்டும் மாறினாலும் தானே படித்துப் புரிந்துகொள்ளும் பட்டதாரியை அப்படித்தான் உருவாக்க முடியும்.