மாயவரம் போகாத மோட்டார் சைக்கிள்

சென்ற மாதம் சங்கத்தின் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, இந்தப் பகுதியைத் தவறாமல் படிக்கும் அன்பர் ஒருவர் நம்மைப் பிடித்துக்கொண்டார். "ஊறுகாயைப் பற்றி எழுதினீர்கள், வாடகை வீட்டைப் பற்றி எழுதினீர்கள். அறுபது வயதில் மோட்டார் சைக்கிள் வாங்கினீரே, அதைப் பற்றி மட்டும் ஏன் மூச்சு விடவில்லை?" என்று கேட்டார். அவருடைய மகன் அதே போன்ற வண்டி வேண்டுமென்று வீட்டில் உண்ணாவிரதம் இருக்கிறானாம். வெட்கத்தினால்தான் எழுதாமல் இருந்தோம். கேட்டுவிட்ட பிறகு மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

ஆம், வாங்கினோம். 2023 நவம்பரில், ஓய்வு பெற்ற மறுமாதமே வாங்கினோம். 349 சி.சி. என்ஜின், ஒற்றைச் சிலிண்டர், உருண்டை விளக்கு, கண்ணீர்த்துளி போன்ற பெட்ரோல் டாங்க். புதிய வண்டிதான், ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முந்திய வண்டியின் முகத்தை வைத்துக்கொண்டு பிறந்திருக்கிறது. தெருமுனையில் நிறுத்தினால் மராத்திச் சிறுவர்கள் சூழ்ந்துகொண்டு, "காகா, இது எந்தக் காலத்து வண்டி?" என்று கேட்கிறார்கள். நம்மைப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வி பிறக்கிறதோ என்னவோ! எந்த நிறுவனத்தின் வண்டி என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் விளம்பரம் ஆகிவிடும்.

ஆனால் இந்த முகம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏனெனில் அந்தக் கதை நம் கதை போன்றது. ராயல் என்பீல்டு என்ற ஆங்கிலேய நிறுவனம் 1955-இல் மதராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கியது. எல்லைக் காவலுக்காக நம் ராணுவம் விரும்பிய புல்லட் வண்டி, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் 1970-ஐ ஒட்டி மூடப்பட்டுவிட்டது. கடல் கடந்து வந்த சேய் பிழைத்துக்கொண்டது. திருவொற்றியூரிலிருந்து கிளம்பிய அந்த வண்டிகள் காஷ்மீர்வரை பிழைப்புத் தேடிப் போயின. தியாகராயர் வீற்றிருக்கும் ஊரில் பிறந்த வண்டி பஞ்சாபியின் பெருமையாகவும் மராத்தியரின் பெருமையாகவும் ஆகிவிட்டது. இங்கே யாரும் அதைத் தமிழ்நாட்டு வண்டி என்று சொல்வதில்லை. நாமும் சொல்லிச் சண்டை போடுவதில்லை.

அப்படி ஒரு புல்லட்டை நம் தந்தையார் 1972-இல் வாங்கினார். அவர் கட்கியில் வேலை பார்த்தவர். ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் ஏலத்துக்கு வந்தபோது, பச்சை வர்ணத்தோடு ஒன்றை எடுத்து வந்தார். ஊரெல்லாம் சைக்கிளில் போன காலம் அது. அதைக் கிளப்புவது ஒரு பூஜை. ஆம்மீட்டர் முள் நடுவே வந்து நிற்கும்வரை கிக்கரை மெல்ல மெல்ல அழுத்துவார். பிறகு இடக்கைப் பக்கத்துச் சிறு நெம்பைப் பிடித்து உள்ளிருக்கும் காற்றழுத்தத்தை விடுவித்து, கிக்கரை மயிரிழை நகர்த்தி, நெம்பை விட்டுவிட்டு ஓங்கி ஒரே உதை. கணக்குத் தப்பினால் கிக்கர் திரும்பி முழங்காலுக்குக் கீழே அடிக்கும். இருமுறை அடித்திருக்கிறது. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். டாங்கின் மேல் ஒன்பது வயதுப் பையனாக நாம். தந்தையாருக்குப் பின்னால் தங்கை. அவளுக்குப் பின்னால், ஒரு பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, தாயார். தலைக்கவசம் என்ற சொல்லையே அந்நாளில் நாம் கேட்டதில்லை.

"ஒரு நாள் இதிலேயே மாயவரம் போவோம்" என்பார் தந்தையார். ரயிலில் இடம் கிடைக்காத ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அந்த வாக்கியத்தைச் சொல்வார். போகவில்லை. 1986-இல் தங்கையின் கல்யாணத்துக்காக வண்டி விலை போயிற்று. அதை வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனபோது, தெருக்கோடிவரை அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்ப் பத்திரிகை படித்தார்.

இப்போது புரிந்திருக்கும், நாம் வாங்கியது வண்டியை மட்டுமல்ல என்பது.

முதலில் இன்பத்தைச் சொல்லிவிடுகிறோம். இவ்வகை என்ஜினின் சக்தி ஏறத்தாழ 20 குதிரைச் சக்திதான். நம் ஊரை அடுத்த சாக்கணிலேயே, 398 சி.சி.யில் 40 குதிரைச் சக்தி தரும் வண்டி ஒன்று தயாராகிறது. ஆனால் நம் வண்டியின் பிஸ்டன் நீண்ட தூரம் மேலும் கீழும் போய் வருவது. அதனால் அவசரப்படாமலே, குறைந்த சுழற்சியிலேயே, இழுவைச் சக்தி கிடைத்துவிடுகிறது. களத்தில் போரடிக்கும் மாட்டைப் போல அது தன் நடையில் நடக்கும், விரட்டினால் பிடிக்காது. மணிக்கு 50, 60 கிலோமீட்டரில் நான்காம் கியரில் விட்டுவிட்டால், கியரை மாற்றவேண்டிய கவலையே இல்லை. அந்த வேகத்தில் கரும்புத் தோட்டத்தின் வாசனை மூக்குக்கு எட்டுகிறது. பள்ளிக்கூட மணி காதில் விழுகிறது. வாய்–பஞ்சகனிப் பாதையில் பஸரணிக் கணவாய் ஏறும்போது, ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே ஆறு சிறுத்துக்கொண்டே போவதைக் காணலாம். காரில் போகிறவருக்கு இவை கண்ணாடிக்கு அப்பால் ஓடும் படங்கள்.

பழைய முகம் என்றாலும் உள்ளே இருப்பவை புதியவை. உதைக்க வேண்டாம், பொத்தானை அழுத்தினால் போதும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக் அமைப்புக் கட்டாயமாகிவிட்டது. மழை நாளில் லட்சுமி சாலையில் ஓர் எருமை குறுக்கே வந்தபோது, அந்தச் சட்டத்தை இயற்றியவர்களை மனமார வாழ்த்தினோம். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கிடைக்கிறது.

இனி எல்லைகள். இவற்றை விற்பனைக் கூடத்தில் யாரும் சொல்வதில்லை. கேட்டிருந்தாலும் அன்று நம் காதில் ஏறியிராது.

வண்டியின் எடை 195 கிலோ. ஓடும்போது தெரியாது; மண் தரையில் பின்னுக்குத் தள்ளும்போது தெரியும். ஸ்போக்ஸ் கம்பிச் சக்கரம் பார்வைக்கு அழகு. ஆனால் அதற்கு உள்ளே டியூப் வேண்டும். டியூப் இல்லாத டயரில் ஆணி ஏறினால் காற்று மெல்லத்தான் இறங்கும். ஊசியால் அடைத்துக்கொண்டு வீடு வந்து சேரலாம். டியூப் வைத்த சக்கரத்தில் ஆணி ஏறினால், சக்கரத்தைக் கழற்றத் தெரிந்தவர் வரும்வரை புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆகவே அன்பரின் மகன் வார்ப்புச் சக்கரம் உள்ளதாகப் பார்த்து வாங்கட்டும். அழகு கொஞ்சம் குறையும், பாதகமில்லை. மும்பை–புனே விரைவுச் சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு இடமில்லை. பழைய சாலையில்தான் போக வேண்டும். பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலையின் நடுப்பாதையும் 2023 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. வேகமாகப் போக விரும்புகிறவனுக்கு இவையெல்லாம் குறை. நமக்கு அவ்வளவாக இல்லை. நமக்கு வந்த குறை வேறு.

2025 ஜனவரியில், பொங்கலுக்கு மாயவரம் போவதென்று முடிவு செய்தோம். மோட்டார் சைக்கிளில், இல்லாளோடு. சுமார் 1,200 கிலோமீட்டர். நாளைக்கு முன்னூறாக நான்கு நாள் என்று காகிதத்தில் கோடு போட்டோம். மகன் தொலைபேசியில், "அப்பா, அம்மாவை ரயிலில் அனுப்பிவிட்டு நீங்கள் தனியாகப் போங்கள்" என்றான். அவனுக்கு நம் மனம் தெரியாது என்று நினைத்துக்கொண்டோம். இல்லாள் மறுப்புச் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

இருட்டோடு புறப்பட்டுக் காத்ரஜ் தாண்டினோம். குளிர் இதமாக இருந்தது. கம்பட்கிக் கணவாயில்தான் முதல் பாடம். இருவர், இரண்டு பைகள், ஏற்றம். எதிரே ஒரு லாரி நடைவேகத்தில் ஊர்ந்தது. அதை முந்துவதற்காக வலப்பக்கம் ஒதுங்கிக் கைப்பிடியை முழுதும் திருகினோம். ஓசை பெருகியது, வேகம் பெருகவில்லை. லாரியின் பாதி நீளத்துக்கு வந்துவிட்டோம். மீதிப் பாதியைக் கடக்க முடியவில்லை. கண்ணாடியில் ஒரு சொகுசுப் பேருந்தின் விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. தோளின் மேல் இருந்த கை சட்டையைக் கொத்தாகப் பற்றியது. வேகத்தைக் குறைத்து லாரிக்குப் பின்னாலேயே மீண்டும் ஒதுங்கினோம். பேருந்து காது செவிடாகும்படி கத்திக்கொண்டு போயிற்று. அடுத்த மேடு முழுவதும் லாரியின் புகையைக் குடித்துக்கொண்டே வந்தோம். இருபது குதிரைகளின் அருமை அப்போது தெரிந்தது. நாற்பது இல்லாததன் அருமையும் தெரிந்தது.

சாத்தாராவில் சிற்றுண்டி. இல்லாள் நின்றுகொண்டே தேநீர் குடித்தாள். அதன் பொருள் நமக்கு விளங்கவில்லை. வெயில் ஏறியது. மணிக்கு 80-ஐத் தாண்டினால், கைப்பிடியிலும் கால் தாங்கியிலும் எறும்பு ஊர்வது போல ஓர் அதிர்வு வரும் என்று நமக்குத் தெரியும். ஆகவே 75-இல் வைத்துக்கொண்டு, பெருமையோடு ஓட்டினோம். பின் ஸீட்டில் அந்த அதிர்வும், சாலையின் ஒவ்வொரு பள்ளமும், முதுகெலும்பில் எப்படி இறங்கும் என்பதை நாம் அறியோம். நாம் அந்த ஸீட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

கராடில், கிருஷ்ணையும் கோய்னாவும் கூடும் இடத்தைப் பார்க்கலாமென்று வண்டியை நிறுத்தினோம். புறப்பட்ட இடத்திலிருந்து 165 கிலோமீட்டர் வந்திருந்தோம். இல்லாள் இறங்கினாள், நிமிர முடியவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு அரை வளைவாக நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"எப்போதிலிருந்து வலிக்கிறது?"

"கணவாயிலிருந்து."

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் உங்கள் அப்பாவை வைத்துக்கொண்டு ஓட்டினீர்கள். நடுவில் நான் எப்படிப் பேசுவது?"

நதிப் படிக்கட்டில் அவளை உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் வாங்கப் போகும்போது நம் தாயாரின் நினைவு வந்தது. அந்தப் பச்சைப் புல்லட்டைப் பற்றி எத்தனையோ முறை எத்தனையோ பேரிடம் கதை சொல்லியிருக்கிறோம். எல்லாம் டாங்கின் மேல் உட்கார்ந்திருந்தவன் கண்ட கதை: முன்னால் திறக்கும் சாலை, முகத்தில் காற்று, முதுகில் தந்தையாரின் மார்பு. வண்டியின் பின்கோடியில், ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு, ஒரு கையால் மகளையும் ஒரு கையால் இரும்புக் கம்பியையும் பற்றியிருந்தவள் எதைக் கண்டாள்? மாயவரம் போவோம் என்று தந்தையார் சொன்னபோதெல்லாம் அவள் ஒன்றும் சொன்னதில்லை. வண்டி விலை போன அன்று அவள் அழவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தாயார் இப்போது இல்லை.

அன்று கராடிலேயே தங்கினோம். மறுநாள் காலை இல்லாளைப் புனே செல்லும் பேருந்தில் சன்னலோர இருக்கையில் ஏற்றிவிட்டு, நாம் வண்டியில் பின்தொடர்ந்தோம். நேர்ச் சாலையில் பேருந்து முன்னே போய்விடும்; நிறுத்தங்களில் நாம் பிடித்துவிடுவோம். ஒவ்வொரு முறையும் சன்னலில் ஒரு கை அசையும். சாத்தாராவுக்குப் பிறகு கை அசையவில்லை. பதறி, பேருந்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தோம். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு ரயிலில் போனோம், காத்திருப்போர் பட்டியலில் தொங்கிக் கடைசி நேரத்தில் இடம் கிடைத்து.

இதையெல்லாம் சொன்னபோது, "அப்படியானால் வாங்க வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டார் அன்பர். அப்படி நாம் சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 22-இல், 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்குச் சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆயிற்று. ஆகவே பழைய முகமுள்ள இந்தச் சிறு வண்டிகள் இன்னும் பல வீட்டு வாசலுக்கு வரும். பையன் வாங்கட்டும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன், வேறு ஒருவரை ஓட்டச் சொல்லி, அவன் பின்னால் உட்கார்ந்து ஐம்பது கிலோமீட்டர் போய் வரட்டும். இரண்டு தலைக்கவசம் வாங்கட்டும். பின்னால் இருப்பவருக்கும் அது சட்டப்படி கட்டாயம். நெடுஞ்சாலைக் கணவாயில் இருவரோடு லாரியை முந்தலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

நம் வண்டி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கடக்வாஸ்லா அணைவரை போகிறது. இருபது கிலோமீட்டர் இருக்கும். இல்லாள் வருகிறாள். பின் ஸீட்டுக்குத் தடித்த மெத்தை ஒன்று தைத்துப் போட்டிருக்கிறோம். வண்டியின் அழகு கெட்டுவிட்டது என்று மெக்கானிக் வருத்தப்படுகிறார். பாதி வழியில் அவள் தோளை ஒரு முறை தட்டினால் நிறுத்த வேண்டும் என்று ஏற்பாடு. சில நாள் தட்டுகிறாள். சில நாள் தட்டுவதில்லை. அணைக்கரையில் சுட்ட மக்காச்சோளம், எலுமிச்சையும் மிளகாய்ப் பொடியும் தடவித் தருகிறார்கள். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தின்பாள். சென்ற ஞாயிறு, தின்று முடித்துவிட்டு, சிம்மகட் மலையடிவாரம் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டாள்.