எச்சிலின் சாதி: நடைமேடைக் கறையும் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பும்

பிரிட்டனின் நகரங்களில் நடைபாதைகளில் ஒட்டிக்கிடக்கும் சூயிங்கத்தை அகற்றுவது ஒரு தனித் தொழில். சூயிங்கத்தின் அடிப்பொருள் செயற்கை ரப்பர் வகையைச் சேர்ந்தது. அது மழையில் கரைவதில்லை, மண்ணில் மட்குவதில்லை, மிதிபட மிதிபடக் கல்லோடு கல்லாகிவிடுகிறது. எனவே அதற்கென்று கொதிநீராவிக் கருவிகள் உண்டு. அவற்றை இயக்கும் நிறுவனங்களும் உண்டு. பணியாளர் நின்றபடியே நீண்ட குழலால் ஒவ்வொரு கறையின் மீதும் நீராவியைப் பாய்ச்சி இளக்கி எடுக்கிறார். உள்ளாட்சிகளுக்கு இதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 லட்சம் பவுண்டு செலவாகிறது என்பது அங்குள்ள மதிப்பீடு. 2021இல் மார்ஸ் ரிக்லி, பெர்ஃபெட்டி வான் மெல்லே உள்ளிட்ட தயாரிப்பு நிறுவனங்கள், ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி பவுண்டு வரை இப்பணிக்குத் தர முன்வந்தன.

பிரிட்டனைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கும் துடைப்பம் ஏந்துவோரில் குடியேறிகளும் ஏழைகளும் மிகுதி. ஆனால் அங்கு இந்த வேலைக்கு ஒரு பெயரும் கருவியும் விலையும் இருக்கின்றன. கறையை உண்டாக்கும் பண்டத்தை விற்றவர் அதைக் களையும் செலவில் பங்கேற்க வேண்டும் என்ற வாதத்தை அரசு செவிமடுத்திருக்கிறது. நம் நாட்டில் இதே வேலை எவ்வாறு நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

நமக்கு வாய்த்திருப்பது சூயிங்கம் அன்று. வெற்றிலைப் பாக்கும் குட்காவும் பான் மசாலாவும். கொல்கத்தாவின் ஹவுரா பாலத்துத் தூண்களின் அடியில் இருந்த எஃகு உறைகள் 6 மில்லிமீட்டர் தடிமனிலிருந்து சில ஆண்டுகளிலேயே 3 மில்லிமீட்டருக்கும் கீழாக அரிக்கப்பட்டதைப் பொறியாளர்கள் கண்டறிந்தார்கள். காரணம், மக்கள் துப்பிய எச்சிலும் அதிலிருந்த சுண்ணாம்பும். பாலத்தை நிருவகித்த துறைமுகப் பொறுப்புக் கழகம் அவற்றின் மேல் கண்ணாடியிழை உறை மாட்டியது. இரயில்வே இக்கறைகளைக் களைய ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் செலவிடுவதாக 2021இல் செய்திகள் வந்தன. இரும்புக்கு உறை மாட்டியாயிற்று, செலவுக்குக் கணக்கும் போட்டாயிற்று. அதே எச்சிலை நாள்தோறும் தொடும் கையைப் பற்றி அச்செய்திகள் எவையும் பேசவில்லை.

வேலையின் தன்மையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாக்கிலும் காசுக்கட்டியிலும் உள்ள துவர்ப்புப் பொருள் சுண்ணாம்போடு கலக்கும்போது செந்நிறச் சாயமாகிறது; சுவரின் நுண்துளைகளுக்குள் இறங்கி உலர்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. அமிலமோ வெளுப்புத்தூளோ ஊற்றி ஊறவிட்டு, கம்பித் தூரிகையாலோ தகட்டாலோ சுரண்ட வேண்டும். அமிலத்தையும் வெளுப்புத்தூளையும் அறியாமல் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு எழும். மூடிய படிக்கட்டு மூலையில் அது நுரையீரலைச் சுடும். இயந்திரம் வந்துவிட்டது என்பார்கள். இரயில் நிலையங்களில் தரை துடைக்கும் இயந்திரம் ஓடுவது உண்மைதான். ஆனால் அது அகன்ற தரைக்கு மட்டுமே உதவும். எச்சில் விழுவதோ தூணடியிலும் படிக்கட்டின் திருப்பத்திலும் பெட்டியின் வாசலோரத்திலும். அங்கு குனிவது ஒரு மனிதர். பெரும்பாலும் ஒரு பெண்.

அவர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று இத்தளத்தின் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எனினும் ஓர் எண்ணைப் பதிவு செய்வோம்: கழிவுநீர்க் குழாய், மலக்குழித் தொழிலாளர்களுக்கான நமஸ்தே திட்டத்தில் 2024 வரை விவரம் திரட்டப்பட்ட ஏறத்தாழ 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். எச்சில் சுரண்டுபவர் அந்தக் கணக்குக்குள் வரமாட்டார்.

எச்சிலுக்கும் சாதிக்கும் உள்ள உறவு பழையது. பேஷ்வாக்களின் ஆட்சியில் பூனாவில் தீண்டத்தகாதோர் தம் எச்சில் மண்ணில் விழாதிருக்கக் கழுத்தில் கலயம் கட்டி நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936இல் எழுதினார். அன்று நம் எச்சில் மண்ணைத் தீட்டாக்கியது. இன்று எவருடைய எச்சிலும் எங்கும் விழலாம். அதைத் துடைக்கும் கை மட்டும் மாறவில்லை. துப்புவோருக்குப் பைத்தண்டனை விதிக்கும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. இரயில்வே வளாகத் தூய்மைக்கான 2012ஆம் ஆண்டு விதிகள் 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கின்றன. தமிழ்நாட்டில் புகைபிடித்தல், எச்சில் துப்புதல் தடைச் சட்டம் 2002ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இவையெல்லாம் துப்பியவரையும் சுவரையும் பற்றிய சட்டங்கள்.

துடைப்பவருக்கு என்ன சட்டம்? கையால் மலம் அள்ளுவோர் பணியமர்த்தலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் மனித மலத்தைக் கையாள்வதை மட்டுமே குறிக்கிறது. தண்டவாளம் அதில் உண்டு. நடைமேடை எச்சில் இல்லை. அதைவிட நமக்குப் பயன்படக்கூடியது, 1976இல் சேர்க்கப்பட்டு இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்ட ஒரு பிரிவு. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955இன் 7ஏ பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் ஒருவரைப் பெருக்கவோ கழிவகற்றவோ அதுபோன்ற பிற வேலை செய்யவோ கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. எச்சில் கறை அகற்றுவது ‘அதுபோன்ற பிற வேலை’ என்பதில் நமக்கு ஐயமில்லை. சிக்கல் ‘கட்டாயம்’ என்ற சொல்லில் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் எவரையும் கயிற்றால் கட்டி இழுத்து வருவதில்லையே என்பார்கள். ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது: வேறு வழியின்றிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க வைக்கும் வறுமையும் அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடுக்கும் கட்டாயமே. இவ்விரண்டையும் இணைத்து வாசிக்கும் வழக்குகள் வேண்டும் என்பது நம் கருத்து.

இதைவிட அவசரமான ஒன்று புதிய சட்டத்தொகுப்பு. அதன் முன்வரலாற்றைத் தெரிந்துகொண்டால்தான் இழப்பின் அளவு புரியும். 1976 டிசம்பர் 9 அன்று ஒன்றிய அரசு, தன் வரம்புக்குட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களைப் பெருக்கவும் துடைக்கவும் தூசு தட்டவும் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக் கூடாது என்று அறிவிக்கை வெளியிட்டது. நாள்தோறும் நடக்க வேண்டிய வேலைக்கு நிலையான ஆள் வேண்டும் என்ற எளிய நியாயம் அது. 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்படித் தடைசெய்யப்பட்ட வேலையில் இருந்தவர்களை நிறுவனமே ஏற்க வேண்டும் என்றது. ஐந்தே ஆண்டுகளில், 2001இல் செயில் நிறுவன வழக்கில் ஐந்து நீதிபதிகளின் அமர்வு அதைத் தலைகீழாக்கியது. 1976 அறிவிக்கையையும் செல்லாததாக்கியது. பிறகு வந்தது 2020இன் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அதன் 57ஆம் பிரிவு ‘மையப் பணி’களில் ஒப்பந்தத் தொழிலாளரைத் தடைசெய்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மையப் பணி எது என்ற வரையறை, பெருக்குதல், துடைத்தல், கழிவு திரட்டி அகற்றுதல் ஆகிய துப்புரவுப் பணிகளை அதிலிருந்து நீக்கிவிடுகிறது. 1976இல் அரசு முதலில் காக்க நினைத்த வேலையே இன்று விலக்குப் பட்டியலில் முதலில் நிற்கிறது. மேலும், ஒப்பந்தத் தொழிலாளர் அத்தியாயம் பொருந்தும் வரம்பு 20 பேரிலிருந்து 50 பேராக உயர்ந்துவிட்டது. முப்பது பெண்களை வைத்து ஒரு பேருந்து நிலையத்தைத் துடைக்கும் சிறு ஒப்பந்தக்காரர் அதன் கண்ணில் படமாட்டார்.

ஆயினும் அவ்வரையறையில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்நிறுவனம் அப்பணிக்காகவே அமைக்கப்படாதபோதுதான் துப்புரவு மையப் பணி ஆகாது. அப்படியானால் மாநகராட்சி எதற்காக அமைக்கப்பட்டது? அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையில் ஆறாவது இனமே பொதுச் சுகாதாரமும் துப்புரவும் திடக்கழிவு மேலாண்மையும் ஆகும். எனவே ஓர் உள்ளாட்சி, தெருத் துப்புரவு தன் மையப் பணி அன்று என்று சொல்ல முடியாது. வழக்கமாக ஒப்பந்தத்திலேயே நடந்துவரும் வேலை என்று காட்டித் தப்ப 57ஆம் பிரிவிலேயே இன்னொரு விலக்கு இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். அதனால்தான் ஒவ்வொரு மண்டலமும் தனியாரிடம் போகும் முன்பே எதிர்ப்பது சட்டத்தின் கண்ணிலும் முக்கியமாகிறது. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் அமர்ந்து, நள்ளிரவில் அகற்றப்பட்டார்கள். அவர்கள் தடுக்க முயன்றது ஒரு ‘வழக்கம்’ உருவாவதை என்றும் நாம் வாசிக்க வேண்டும்.

இரயில்வேக்கு இந்த வாதம் அவ்வளவு எளிதில் பொருந்தாது. அது துப்புரவுக்காக அமைக்கப்பட்டதன்று. அங்கு கேட்க வேண்டியது வேறு. 1996இல் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதித் தோல் ஆலைகளுக்கு எதிராக, மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. பான் மசாலா விற்பவர் அந்த 1,200 கோடியில் ஒரு ரூபாயையேனும் ஏன் ஏற்கக் கூடாது? பிளாஸ்டிக் உறைக்கு உற்பத்தியாளர் பொறுப்பு என்ற விதி நம்மிடம் உண்டு. உறைக்குள் இருந்தது சுவரில் வழிந்தால் பொறுப்பு எவருக்கும் இல்லை. அப்படி வரும் பணமும் சுவருக்குப் பூச்சு அடிக்கப் போய்விடக் கூடாது. நின்று வேலை செய்யும் கருவிக்கும் கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் மருத்துவத்துக்கும் கூலிக்கும் அது கட்டப்பட வேண்டும்.

மாணவத் தோழர்கள் இதைத் தம் கல்லூரியிலிருந்தே தொடங்கலாம். அரசுக் கல்லூரியோ பேருந்து நிலையமோ இரயில் நிலையமோ, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம் போதும். துப்புரவு ஒப்பந்தத்தின் படி, ஒப்பந்தக்காரர் அமர்த்திய ஆட்களின் எண்ணிக்கை, அவர்களுக்குக் கடந்த ஆறு மாதம் வழங்கிய கூலிக்கும் வருங்கால வைப்பு நிதிக்கும் உரிய பதிவேடு, பயன்படுத்தும் வேதிப்பொருட்களின் பெயர், வழங்கிய பாதுகாப்புக் கருவிகளின் பட்டியல் ஆகியவற்றைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கூலி நிலுவையில் இருப்பது தெரிந்தால் ஒப்பந்தக்காரரைத் தேடி அலைய வேண்டாம். சட்டத்தொகுப்பின் 55ஆம் பிரிவின்படி அதைத் தர வேண்டிய கடமை முதன்மை வேலையளிப்பவருக்கு உண்டு. வழக்கறிஞர் அறிவிப்பை அவர் பெயருக்கே அனுப்புங்கள்.